அந்த இரும்புக் குண்டைக் கழற்றியது சரியா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கைமாறி வந்த டீசல் வண்டி, நான்கு சக்கர இயக்கம், நான்கு சிலிண்டர். அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் அதை இரண்டு அங்குலம் உயர்த்திப் பெரிய டயர் போட்டிருக்கிறீர்கள். அந்த வேலையின்போது, பின் அச்சில் டிஃபரென்ஷியலின் (எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) மூக்குப் பக்கம் ரப்பரோடு சேர்த்துப் பூட்டியிருந்த நாலைந்து கிலோ வார்ப்பிரும்புக் குண்டு ஒன்றைப் பட்டறை அண்ணன் கழற்றிவிட்டார். "இது வெறும் எடை, கல்லில் இடிக்கும், இதனால் ஒரு பயனும் இல்லை" என்று சொல்லி உங்கள் கையில் கொடுத்தும்விட்டார். இப்போது வேகம் 80-ஐ நெருங்கும்போது காதை அடைப்பதுபோல ஓர் உறுமல் வருகிறது. அடுத்த கட்டமாக அவர் பாலியூரித்தேன் புஷ்களும் (மூட்டுகளில் ரப்பருக்குப் பதில் செருகும் கெட்டி உருளைகள்), ரப்பர் இல்லாத அலுமினிய கிராங்க் புல்லியும் போடலாம் என்கிறார். குண்டைத் திரும்பப் போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: தொழிற்சாலை வைத்த அதிர்வு தணிக்கும் பாகங்களில் எதைத் தூக்கி எறியலாம், எதைத் தொடவே கூடாது? முதல் கேள்விக்கு என் பதில் "அவசரம் இல்லை, முதலில் வேறொன்றைப் பாருங்கள்." இரண்டாவதற்கு, குண்டைப் பற்றி நிதானமாக யோசிக்கலாம், அந்தப் புல்லியை மட்டும் இன்றே மறந்துவிடுங்கள்.

சென்னைக்கு வெளியே ஒரு வாகனத் தொழிற்சாலையில், அதிர்வையும் இரைச்சலையும் அளக்கும் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். பட்டறை வேலை எனக்குத் தொழில் அல்ல. வண்டியை மேடேற்றிக் கழற்றி மாட்டும் கைப்பழக்கத்தில் உங்கள் அண்ணன் என்னைவிடப் பலமடங்கு தேர்ந்தவராகவே இருப்பார். ஆனால் அந்தக் குண்டுகளை எங்கே வைப்பது, எவ்வளவு எடை வைப்பது, ரப்பர் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்ட கூட்டத்தில் நானும் ஒருவன். வண்டியை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மார்கழிக் கச்சேரிக்குப் போயிருந்தால் ஒரு காட்சியைப் பார்த்திருப்பீர்கள். மிருதங்க வித்துவான் வாசிக்கத் தொடங்கும் முன் ரவையைத் தண்ணீரில் பிசைந்து தொப்பிப் பக்கத்துத் தோலின் நடுவே அப்புவார். தட்டிப் பார்ப்பார், கொஞ்சம் எடுப்பார், மீண்டும் அப்புவார். அந்த ரவையும் "வெறும் எடை"தான். அதைச் சுரண்டி எடுத்தால் மிருதங்கம் உடையாது. ஆனால் அந்த நாதம் இருக்காது. எந்தப் பொருளுக்கும் எடையும் விறைப்பும் சேர்ந்து ஓர் இயல்பு அதிர்வெண்ணைத் தருகின்றன. இடத்தைப் பார்த்து எடையை வைத்தால் அந்த அதிர்வெண்ணை நகர்த்தலாம். வண்டியின் குண்டு இதைவிட ஒரு படி நுட்பமானது. ரவை தோலோடு ஒட்டிக்கொண்டு சேர்ந்தே ஆடுகிறது. குண்டோ ரப்பரின் மேல் உட்கார்ந்து தனக்கென்று ஓர் ஆட்டம் வைத்திருக்கிறது. அச்சு எந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு கொண்டு துள்ளுமோ, அதே அதிர்வெண்ணில் ஆடும்படி அந்த ரப்பரும் எடையும் பொருத்தப்படுகின்றன. அந்த வேகம் வந்ததும் குண்டு அச்சுக்கு எதிர்த்திசையில் ஆடி அதன் துள்ளலை இழுத்துப் பிடிக்கிறது. ஒரு பெரிய முகடு இருந்த இடத்தில் இரண்டு சின்ன முகடுகள் இருபுறமும் தள்ளி நிற்கும். ரப்பர் தன் உராய்வால் அவற்றையும் சூடாக மாற்றிக் கரைக்கும்.

இது புதிய வித்தையும் அல்ல. ஹெர்மன் ஃபிராம் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1909-லேயே இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். உயர் அழுத்த மின்கம்பிகளில், கோபுரத்துக்குச் சற்றுத் தள்ளி, சின்ன தம்புல்ஸ் போல ஒன்று தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில் கம்பி அதிர்ந்து அதிர்ந்து பிடிப்பு இடத்தில் அறுந்துவிடாமல் இருக்க 1920-களில் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது அது. உழுத வயலில் ஒரு கூடை முட்டையை உடையாமல் கொண்டுபோக வேண்டும் என்ற நோக்கத்தோடு வடிவமைக்கப்பட்டு 1948-இல் அறிமுகமான சிட்ரோயன் 2சிவி காரின் சக்கரங்களில், சுருளின் மேல் ஆடும் எடை ஒன்றை உருளைக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். 2005-இல் ரெனோ அணி தன் ஃபார்முலா ஒன் காரின் மூக்குக்குள் இதே வித்தையை வைத்து ஓட்டியது. அடுத்த ஆண்டே அது தடை செய்யப்பட்டது. ஒரு கிராம் எடையைக்கூடக் குறைக்கத் துடிக்கும் பந்தயக்காரர்கள் விரும்பி எடை ஏற்றினார்கள் என்பதை உங்கள் அண்ணனிடம் சொல்லிப் பாருங்கள்.

அவர்களைவிட எடையை வெறுக்கும் கூட்டம் ஒன்று உண்டு: தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவு. அங்கே ஒவ்வொரு போல்ட்டும் கேள்வி கேட்கப்பட்டுத்தான் வண்டியில் ஏறுகிறது. என் வேலையின் தொடக்க ஆண்டுகளில் நடந்த ஒரு செலவுக் குறைப்புக் கூட்டம் இன்னும் நினைவிருக்கிறது. சைலன்ஸர் குழாயில், கியர்பாக்ஸுக்குப் பின்னால் பூட்டும் மூன்று கிலோக் குண்டு ஒன்றை ஓர் அதிகாரி மேசைமேல் தொம்மென்று வைத்து "இது எதற்கு?" என்றார். "இரைச்சலுக்கு" என்றேன். "எவ்வளவு?" என்றார். ஓட்டுநர் காதருகே இரண்டு டெசிபல் என்று தாளைக் காட்டினேன். "இரண்டு டெசிபலுக்கு மூன்று கிலோ இரும்பா?" என்று சிரித்தார்கள், குண்டு போய்விட்டது. சில மாதங்களில், நெடுநாள் ஓட்டச் சோதனையில் இருந்த வண்டியில் சைலன்ஸரைத் தாங்கும் பிடியின் வெல்டிங் விரிசல் விட்டது. குண்டு சத்தமில்லாமல் திரும்பி வந்தது. தவறு அவர்களுடையது அல்ல, என்னுடையது. நான் காதருகே அளந்தேனே தவிர, பிடியில் அளக்கவில்லை. குண்டு காதுக்காக வைத்ததா, உலோகத்துக்காக வைத்ததா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

ஆனாலும், தொழிற்சாலை வைத்ததெல்லாம் வேதவாக்கு என்று சொல்ல வரவில்லை. இத்தகைய குண்டு பெரும்பாலும் பிந்தைய கட்ட ஒட்டு வேலை. சேசிஸை (வண்டியின் அடிச்சட்டம்) உருவாக்கும் டைகளைச் செய்து முடித்து, மாற்ற முடியாத நிலையில் ஓர் உறுமல் தெரியவரும். அப்போது கைகொடுப்பது குண்டுதான். இதற்கு நேர்மாறான ஒரு வேடிக்கையையும் பார்த்திருக்கிறேன். தானியங்கி கியர் வண்டிக்கு மட்டும் தேவைப்பட்ட ஒரு குண்டு, கைக் கியர் வண்டிக்கும் சேர்ந்தே போனது. இரண்டு வகைப் பாகங்களை உற்பத்தி வரிசையில் பிரித்து வைத்துக் குழம்புவதைவிட எல்லா வண்டிக்கும் இரும்பைக் கொடுத்துவிடுவது மலிவாக இருந்தது. அந்தக் கைக் கியர் வண்டி ஒன்றை வாங்கியவர் குண்டைக் கழற்றி எறிந்திருந்தால் அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. உங்கள் வண்டி எந்த வகை என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

குண்டு உயிரோடு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. ரப்பர் கெட்டித்துவிட்டால் குண்டு தன் சுதியிலிருந்து விலகிவிடும். அப்போது அது உண்மையிலேயே வெறும் எடைதான். சென்னை வெயிலும், சைலன்ஸர் சூடும், கசியும் எண்ணெயும் ரப்பருக்கு எமன்கள். கடற்கரையோரம் நிறுத்தும் வண்டிகளில் இரும்பும் ரப்பரும் ஒட்டும் இடத்தில் துரு புகுந்து உரிப்பதையும் பார்க்கலாம். கையில் இருக்கும் குண்டைத் திருப்பிப் பாருங்கள். ரப்பரில் நகத்தை அழுத்தினால் சற்று உள்வாங்கி மீள வேண்டும். வெடிப்பு, உரிதல், கண்ணாடி போன்ற பளபளப்பு இருந்தால் திரும்பப் போட்டும் பெரிய பயன் இராது. நன்றாக இருந்தால், தயவுசெய்து புதுப்பேட்டையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கிடைக்கும் பணம் ஒரு வேளை டிபனுக்கும் காணாது. மறுபடி வேண்டும் என்றால் அந்தக் குறிப்பிட்ட குண்டை எந்தக் கடையிலும் சட்டென்று தேடி எடுக்க முடியாது.

இனி உங்கள் உறுமலுக்கு வருகிறேன். அதற்குக் குண்டு காரணம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். பாதி சரியாக இருக்கலாம். என் சந்தேகம் முதலில் போவது புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணத்துக்கு; கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு அது. உங்கள் வண்டியில் பின் அச்சு ஒரே முழு அச்சு என்று வைத்துக்கொள்கிறேன். ஸ்பிரிங்கை உயர்த்தினால் சேசிஸும் கியர்பாக்ஸும் மேலே போகும். அச்சு தரையோடு ஒட்டிய உயரத்திலேயே நிற்கும். ஷாஃப்ட் ஒரு மீட்டர் நீளம் என்றால், இரண்டு அங்குல உயர்வு அதன் சாய்வை ஏறக்குறைய மூன்று டிகிரி கூட்டிவிடும். குட்டையான வண்டியில் ஷாஃப்டும் குட்டை; அரை மீட்டர் என்றால் கிட்டத்தட்ட ஆறு டிகிரி. ஷாஃப்டின் முனைகளில் உள்ள, கிராஸ் என்ற சிலுவைத் துண்டு வைத்த மூட்டு சாய்ந்து சுழலும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். இது தேய்மானம் அல்ல, அந்த மூட்டின் வடிவக் கணக்கு. சாய்வு 3 டிகிரி இருக்கும்போது அந்த ஏற்ற இறக்கம் சுமார் 0.14 சதவீதம். 6 டிகிரி ஆனால் 0.55 சதவீதம். கோணம் இரண்டு மடங்கு, அதிர்வின் மூலம் நான்கு மடங்கு. ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள மூட்டுகள் ஒரே கோணத்தில் இருந்தால் ஒன்றின் ஆட்டத்தை மற்றொன்று பெருமளவு அடித்துவிடும். உயர்த்தும்போது அச்சு தன் இருக்கையில் சற்றே திரும்பிவிட்டால் இரு கோணங்களும் வேறாகி, அந்தச் சமன் போய்விடும். ஆக, அண்ணன் ஒரே நாளில் அதிர்வைக் கூட்டிவிட்டு அதைத் தணிக்க இருந்த குண்டையும் எடுத்திருக்கிறார் என்பது என் ஊகம். பின் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியாக இருந்தால் டிஃபரென்ஷியல் சேசிஸோடு நிற்கும், இந்தக் கணக்கு பொருந்தாது. உடம்புக்கும் சேசிஸுக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்தியிருந்தாலும் பொருந்தாது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். பழைய டயரின் விட்டம் 790 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 2.48 மீட்டர் ஓடும். 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் வினாடிக்கு ஏறத்தாழ 9 சுற்று. அச்சின் பல் விகிதம் 4 என்று வைத்தால் ஷாஃப்ட் வினாடிக்கு 36 சுற்று. கிராஸின் உதறல் அதன் இரு மடங்கு, 72 ஹெர்ட்ஸ். தரைத்தகடும் கூரையும் கண்ணாடிகளும் பெட்டிபோல் முழங்கும் வட்டாரம் அது. காதை அடைக்கும் உறுமல் என்று நீங்கள் சொல்வதற்கும் ஒத்துப்போகிறது. 840 மி.மீ. டயர் போட்டால் அதே 72 ஹெர்ட்ஸ் வருவதற்கு உண்மை வேகம் 85-ஐத் தாண்ட வேண்டும். ஆனால் வேகமானியைத் திருத்தாமல் விட்டிருந்தால் அது இன்னும் 80 என்றே காட்டும். நீங்கள் சொல்லும் 80 உங்கள் முள் காட்டுவதா, கைபேசி காட்டுவதா என்பதைப் பாருங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல வண்டிகளில் நான்காவது கியர் நேரடி கியர், அதாவது எஞ்சின் சுற்றும் வேகத்திலேயே ஷாஃப்டும் சுற்றும். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. கிராஸும் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உதறுகிறது. நான்காவது கியரில் இரண்டும் ஒரே அதிர்வெண். எது எதுவென்று காதால் பிரிக்கவே முடியாது. எத்தனையோ பட்டறைகளில் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கை வீணாக மாற்றுவது இந்தக் குழப்பத்தால்தான். ஐந்தாவது கியருக்குப் போனால் கதை பிரிந்துவிடும். அதே 80-இல் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், ஷாஃப்ட் பழைய வேகத்திலேயே சுற்றும்.

எனவே ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை போன்ற காலியான இடத்தில், பக்கத்தில் ஒருவரைக் குறிப்பெடுக்க உட்கார வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். முதலில் உறுமல் வரும் வேகத்தை நான்காவது கியரில் பிடியுங்கள். அடுத்து அதே வேகத்தை ஐந்தில். உறுமல் அப்படியே இருந்தால் அது சாலை வேகத்தோடு கட்டுண்டது: ஷாஃப்ட், அச்சு அல்லது டயர். மறைந்துவிட்டு, எஞ்சின் பழைய சுற்றுக்கு வரும்போது மட்டும் திரும்பினால் எஞ்சின் பக்கம் பாருங்கள். பிறகு அதே வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் மாறுகிறதா என்று கவனியுங்கள். அழுத்தும்போது கூடினால் கோணத்தின்மேல் சந்தேகம் வலுக்கும், ஏனென்றால் விசை ஏறும்போது அச்சின் மூக்கு மேலே திரும்பும். கடைசியாக வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சின் சுற்றை மட்டும் மெதுவாக உயர்த்திப் பாருங்கள்; அப்போதும் உறுமல் வந்தால் அது எஞ்சின் பக்கத்து வேலை. ஸ்டியரிங் சக்கரம் கையில் நடுங்குகிறது என்றால் அது வேறு கதை. அது வினாடிக்குப் பத்துப் பதினைந்து முறை ஆடும் டயர்ச் சமநிலைக் கோளாறு. சக்கரத்தை பேலன்ஸ் செய்தால் பெரும்பாலும் போய்விடும். கைபேசிச் செயலி வைத்து அளக்க விரும்பினால் ஓர் எச்சரிக்கை. அதிர்வு உணரி வினாடிக்கு நூறு முறைதான் அளக்கிறது என்றால் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் அது சொல்வதை நம்ப முடியாது. ஒலிவாங்கி வழியாக அதிர்வெண்ணைக் காட்டும் செயலி இதற்குப் பரவாயில்லை.

கோணம்தான் காரணம் என்று தெரிந்தால் அதைச் சரிசெய்வதே முதல் வேலை. பட்டை ஸ்பிரிங் வண்டியானால் அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்பு வைத்து மூக்கைத் திருப்பலாம். சுருள் ஸ்பிரிங் ஆனால் அச்சைச் சேசிஸோடு பிணைக்கும் கைகள் நீளம் மாற்றக்கூடியவையாக இருக்க வேண்டும். கோணம் சரியான பிறகும் உறுமல் மீதமிருந்தால் குண்டைத் திரும்பப் பூட்டுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். கோணத்தை விட்டுவிட்டுக் குண்டை மட்டும் போட்டால் காதுக்கு நிம்மதி கிடைக்கும். கிராஸ் தேய்ந்துகொண்டே இருக்கும். 60-க்கு மேல் போகவே மாட்டேன், மலைப்பாதையும் ஆற்றுப்படுகையும்தான் என்றால் குண்டில்லாமலே ஓட்டுங்கள். டிஃபரென்ஷியல் மூக்கில் இருக்கும் குண்டு பெரும்பாலும் காதுக்காக வைப்பது என்பது என் அனுபவம். உங்கள் வண்டியில் அது பேரிங்கையும் காக்கிறதா என்பதை வடிவமைத்தவர் மட்டுமே உறுதியாகச் சொல்ல முடியும்.

கிராங்க் புல்லி விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. எஞ்சினின் முன்பக்கம் பெல்ட் ஓடும் அந்தப் புல்லியில் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ரப்பர் இருந்தால் அது வெறும் புல்லி அல்ல. ஒவ்வொரு வெடிப்பிலும் கிராங்க் ஷாஃப்ட் துணி பிழிவதுபோல் நூலளவு முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. சில குறிப்பிட்ட சுற்றுகளில் அந்த முறுக்கல் ஒத்ததிர்வாகப் பெருகும். வெளிவளையம் எதிர்த்து ஆடி அதை அடக்குகிறது. அலுமினியத்தில் கடைந்த புல்லியைப் போட்டால் எஞ்சின் துள்ளலாக ஓடுவதுபோலத் தோன்றும். அந்த முறுக்கல் உங்கள் காதுக்குக் கேட்காது, கைக்குத் தெரியாது. என்றோ ஒரு நாள் கிராங்க் ஷாஃப்ட் விரிசல் விட்டால்தான் தெரியும். குறிப்பாக டீசலில், வெடிப்பின் அடி பலமானது என்பதால், இதைச் செய்யவே கூடாது. அதற்குப் பதில் இருக்கும் புல்லியைச் சோதியுங்கள். உள்வளையத்திலிருந்து வெளிவளையம்வரை நேராக ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். சில வாரம் ஓடிய பிறகு கோடு உடைந்து விலகி நின்றால் ரப்பர் வழுக்குகிறது, புல்லியை மாற்றும் காலம் வந்துவிட்டது.

சைலன்ஸர் குழாயில் இருக்கும் குண்டையும், எஞ்சினுக்கு அருகே உள்ள மடிப்புக் குழாயையும் தொடாதீர்கள். மடிப்புக் குழாயை வெட்டிவிட்டு நேர்க்குழாய் வெல்டிங் செய்தால் எஞ்சின் ஆடும் ஆட்டமெல்லாம் புகையைத் திரட்டும் மேனிஃபோல்டில் வந்து விழும். ஸ்டியரிங் ஆட்டத்தைத் தணிக்கும் டேம்பரைக் கழற்றுவதால் உடனே ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். ஆனால் முழு முன் அச்சு உள்ள வண்டியில், உயர்த்திய பிறகு, ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சக்கரங்கள் வெறிபிடித்ததுபோல் ஆடத் தொடங்கினால் அப்போது அதன் அருமை தெரியும். அதற்காக ஆட்டம் வந்த வண்டியில் புது டேம்பரைப் போட்டு மறைப்பதும் வைத்தியம் அல்ல. தேய்ந்த புஷ், தளர்ந்த மூட்டு, மாறிப்போன சக்கரக் கோணம் என்று காரணம் வேறெங்கோ இருக்கும்.

பாலியூரித்தேன் புஷ் பற்றி இரு பக்கமும் நியாயம் உண்டு. எண்ணெயைத் தாங்கும், நீண்ட நாள் உழைக்கும், ஸ்டியரிங் கூர்மையாகும். ஆனால் அது ரப்பரைவிட விறைப்பானது. ஒரு மவுண்டிங் தன் இயல்பு அதிர்வெண்ணைப்போல் 1.4 மடங்குக்கு மேலான அதிர்வுகளை மட்டுமே தடுக்கும். விறைப்பு இரட்டித்தால் அந்த எல்லையும் 1.4 மடங்கு மேலே ஏறிவிடும். அதுவரை தடுக்கப்பட்ட அதிர்வுகளில் ஒரு பகுதி உள்ளே வரத் தொடங்கும். இன்னொன்று, பட்டை ஸ்பிரிங் கண்ணிலும் கைகளின் முனையிலும் உள்ள ரப்பர் முறுக்கிக் கொடுக்கவும் செய்யும். பாலியூரித்தேன் கிரீஸ் காய்ந்ததும் கீச்சிடும். ஷாக் அப்சார்பருக்கும் ஸ்டெபிலைசர் பட்டைக்கும் போடுங்கள், தப்பில்லை. எஞ்சின், கியர்பாக்ஸ் மவுண்டிங்குகளுக்கு அசல் ரப்பரே போதும். உறுமலைத் தேடிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் இரண்டு பாகங்களைச் சேர்த்து மாற்ற வேண்டாம். ஒன்றை மாற்றி ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். நடுவே ஸ்பிரிங் வைத்து எஞ்சின் உதறலைத் தணிக்கும் இரட்டை ஃபிளைவீலை எடுத்துவிட்டு ஒற்றை போடலாமா என்று பலர் கேட்கிறார்கள், நீங்கள் கேட்கவில்லை. நன்றாக ஓடுவதையும் பார்த்திருக்கிறேன், கியர்பாக்ஸ் கடகடப்பதையும் பார்த்திருக்கிறேன். பொதுவிதி சொல்லத் துணிய மாட்டேன்.

"குண்டு கல்லில் இடிக்கும்" என்ற அண்ணனின் குறை நியாயமானது. அதற்காகக் குண்டை வேறோர் இடத்தில் பூட்டலாமா என்றால், கூடாது. அச்சு அதிகம் துள்ளும் இடத்தில், துள்ளும் திசையில் இருந்தால்தான் அது வேலை செய்யும். ஒரு சாண் தள்ளி வைத்தால் அது கோயில் வாசலில் நிற்கும் கல்யானைதான். அடியில் ஒரு தடுப்புத் தகடு போட முடியுமா என்று பாருங்கள். முன்பக்கம் இரும்பு பம்பரும் வின்ச்சும் போடும் எண்ணம் இருந்தால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நாற்பது, ஐம்பது கிலோ முன்னால் ஏறினால் சேசிஸின் முன்பகுதி ஆடும் அதிர்வெண்ணே இறங்கிவிடும். அங்கே தொழிற்சாலை வைத்த குண்டு ஏதும் இருந்தால் அது பழைய சுதிக்கே காத்திருக்கும். அந்த இடத்தில் அதைக் கழற்றுவதற்கு உங்களுக்கு நல்ல காரணம் உண்டு.

சட்டம் பற்றி ஒரு வரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் வண்டியைத் தயாரிப்பாளரின் குறிப்பிலிருந்து மாற்றுவதைக் கட்டுப்படுத்துகின்றன. குண்டை யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. உயரமும் டயரும்தான் கண்ணில் படும். விபத்துக்குப் பிறகு காப்பீட்டு ஆய்வாளர் கேட்கும்போது பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

இதையெல்லாம் விட அவசரமாகப் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. குண்டைக் கழற்றிய துளைகளில் இப்போது என்ன இருக்கிறது? திறந்தபடி விட்டிருந்தால் தண்ணீரும் மண்ணும் மறையைத் தின்றுவிடும். சில வண்டிகளில் துளை உள்ளே எண்ணெய்வரை போகும், கசியும். பழைய போல்ட்டையே திருப்பி முடுக்கியிருந்தால் அது அதைவிட மோசம். குண்டின் பிடி எவ்வளவு தடிமனோ அவ்வளவுக்கு அந்த போல்ட் இப்போது நீளம் கூடுதல். அது குழியின் அடியில் முட்டி நிற்கும்; டார்க் ரெஞ்ச் "இறுகிவிட்டது" என்று பொய் சொல்லும்; இன்னும் அழுத்தினால் உறையே விரிசல் விடும். நாளைக் காலை வண்டியின் கீழே படுத்து அதைப் பாருங்கள். நீளமான போல்ட் இருந்தால் கழற்றிக் குண்டோடு ஒரே பையில் கட்டி வையுங்கள். பிடியின் தடிமன் அளவுக்கு நீளம் குறைந்த போல்ட்டைத் துளைக்கு கிரீஸ் தடவிப் போடுங்கள். பிறகு, நான்காவது கியரிலும் ஐந்தாவது கியரிலும் உறுமல் எந்த வேகத்தில் வந்தது, ஆக்சிலரேட்டரை விட்டபோது என்ன ஆனது என்று எழுதுங்கள். மிச்சத்தை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.